வாசப்படிக் கணக்கு

கோவில்பட்டியில் விமான நிலையம் கிடையாது. அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. ஆனால் தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் விமான டிக்கெட் விற்கிற ஒரு அம்மா இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பன்னிரண்டு வருஷம் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஊரில் எல்லோரும் பிளேன்காரம்மா என்பார்கள். நான் அக்கா என்பேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார், அவர் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் டிக்கெட் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவனைக்கூட நிற்க வைத்து விசாரிப்பார்.

"அக்கா, மெட்ராஸுக்குப் பிளேன்ல எம்புட்டு நேரம் ஆகும்?"

"எந்த வாசப்படியில இருந்து எந்த வாசப்படிக்கு?"

"மதுரையில இருந்து மெட்ராஸுக்கு. ஒரு மணி நேரந்தான்னு சொன்னாவ."

"அது பிளேனுக்கு ஒரு மணி நேரம். அண்ணாச்சிக்கு எம்புட்டுன்னு பாப்போம். அண்ணாச்சி மதுரை ஏர்போர்ட்டுலயா குடியிருக்கீங்க?"

வந்தவர் முழிப்பார். அதற்குள் அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்திருப்பார். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, சாத்தூரில் டீக்கு நிறுத்துவது, மதுரையில் இறங்கி ஆட்டோ பேசுவது, கதவு சாத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே போவது, பறப்பது, இறங்கி பெட்டி வரும்வரை நிற்பது, மீனம்பாக்கத்திலிருந்து மாம்பலம், மாம்பலத்தில் வீடு தேடுவது. எல்லாவற்றையும் கூட்டி அடியில் கோடு போட்டு, "ஏழே கால் மணி நேரம்" என்பார். வந்தவர் முகம் சுண்டிப்போகும். ஒரு மணி நேரம் என்று பெருமையடிக்க வந்தவர் அல்லவா!

இதற்குப் பெயர்தான் வாசப்படிக் கணக்கு. அவர் வைத்த பெயர்.

சுவரில் தென்னிந்திய வரைபடம் ஒன்று ஆணியடித்து மாட்டியிருந்தார். மதுரை, தூத்துக்குடி, மெட்ராஸ் மூன்று ஊரிலும் குண்டூசி. மெட்ராஸ் குண்டூசியிலிருந்து மற்ற இரண்டுக்கும் மில் நூல் கட்டி, வரைபடத்து அளவுப்படி ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தார். மதுரைக்கு எட்டு முடிச்சும் கொஞ்சமும். தூத்துக்குடிக்குப் பத்தரை முடிச்சு. இது நூல் தூரம். "நூல் தூரத்தை நம்பிப் போனவன் நடுத்தெருவுல நிப்பான்" என்று அடிக்கடி சொல்வார். அப்படியானால் எதற்கு அந்த நூல் என்று நான் ஒருமுறை கேட்டேன். "நம்பக் கூடாதுன்னு காட்டுறதுக்கு ஒண்ணு வேணும்லா தம்பி?" என்றார்.

அந்தச் சமயம் தூத்துக்குடிக்கும் காத்தாடி வைத்த சின்ன விமானம் ஒன்று மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாகைக்குளத்தில் இறங்கும். சில நாள் வரும், சில நாள் வராது, பிறகு அடியோடு நின்று, பல வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. நூல் கணக்கில் மதுரைதான் மெட்ராஸுக்குக் கிட்ட. ஆனால் பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆளுக்கு நூல் நீளமான தூத்துக்குடிதான் வாசப்படிக்குச் சீக்கிரம். பறப்பது கால் மணி கூட, ரோடு ஒன்றரை மணி குறைவு. இந்தக் கணக்கை மதுரையில் பெரிய கடை வைத்திருந்த ஏஜெண்டுகூடப் போட்டதில்லை. எங்கள் அக்கா போட்டார். எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை, என்னமோ நானே உட்கார்ந்து கூட்டிக் கழித்த மாதிரி.

ஆனால் முதலில் எனக்கு அவரைப் பிடிக்காது. கடைக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரியை யாருக்குப் பிடிக்கும்? தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், வெள்ளை வேட்டி, கையில் தோல் பை, கோயம்புத்தூருக்கு விமானத்தில் போகவேண்டும் என்று வந்தார். மதுரையிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து கோயம்புத்தூர். அக்கா காகிதத்தை எடுத்துக் கூட்டினார்.

"அண்ணாச்சி, இது பதிமூணு மணி நேரம். இன்னைக்கு ராத்திரி பஸ் ஏறுனீங்கன்னா விடியக்காலம் காந்திபுரத்துல காப்பி குடிக்கலாம்."

"ஏம்மா, நான் சீக்கிரம் போகணும்னா கேட்டேன்? பிளேன்ல போகணும்னுல்லா கேட்டேன்?"

அக்கா பேனாவை மூடினார். "அப்படித் தெளிவாக் கேளுங்க. அதுக்கு டிக்கெட் இருக்கு."

நான் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து சிரித்த சிரிப்பில் ஒருத்தருடைய பத்திரம் கோணலாக ஜெராக்ஸ் ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் அவரைப் பிடிக்க ஆரம்பித்தது.

இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. போய் வந்தவர்களைப் பிடித்துக் கேட்பார். ஊர் எப்படி இருந்தது, மேலே இருந்து பார்த்தால் எப்படித் தெரியும், அதெல்லாம் கேட்கமாட்டார். "கதவு எத்தனை மணிக்குச் சாத்துனாவ? சக்கரம் தரையைத் தொட்டப்போ மணி பாத்தீங்களா? பெட்டி எப்ப கைக்கு வந்துச்சு?" பார்க்கவில்லை என்று சொன்னால் அவருக்கு வருகிற ஆத்திரம்! "கையில கடிகாரம் எதுக்குக் கட்டியிருக்கீங்க, அழகுக்கா?" என்பார். கேட்டதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். ரோட்டுக் கணக்கை மட்டும் அவரே போய் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மதுரை ஏர்போர்ட் வாசல்வரை போய், வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார். ஓட்டப்பிடாரம் வழியாக வாகைக்குளத்துக்கு வெயில் காலத்தில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை. கரிசலில் மழை பெய்தால் ஓரத்தில் ஒதுங்குகிற வண்டி லேசில் மேலே ஏறாது, சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். அதனால் ஐப்பசி, கார்த்திகைக்கு நாற்பது நிமிஷம் தனியாகப் போடுவார்.

எங்கள் ஆட்களின் பேச்சுக்கும் கழிவு வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் 'இந்தா வந்துட்டேன்' என்று ஒருவன் சொன்னால் அவன் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். 'கிளம்பிக்கிட்டே இருக்கேன்' என்றால் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். 'பக்கத்துல வந்தாச்சு' என்றால்தான் வீட்டைப் பூட்டியிருக்கிறான். இது ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாத சொல் 'தான்'. ஒரு மணி நேரந்தான், பத்து கிலோமீட்டர்தான். "இந்தத் 'தான்' இருக்கு பாருங்க, ஆளைக் கவுத்துறதே இதுதான்" என்பார். அதிலும் ஒரு 'தான்' வந்துவிட்டதே என்று நான் சொன்னால் முறைப்பார். முழு எண்ணாக்கிச் சொல்வதும் பிடிக்காது. மூன்று ஐம்பத்தைந்தை நாலு மணி என்றால், "அந்த அஞ்சு நிமிஷம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்பார்.

ஒரே ஒரு தடவை அவர் ஆடிப்போனதைப் பார்த்தேன். எட்டயபுரம் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற ஒரு பெரியவர், பம்பாயிலிருந்து வருகிற மகனை அழைக்கக் கிளம்பினார். வாகைக்குளம் போகவேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். மனிதர் திருநெல்வேலி போய், அங்கே கண்டக்டரிடம் வாகைக்குளம் என்று கேட்க, கண்டக்டர் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்தப் பக்கமும் ஒரு வாகைக்குளம் இருக்கிறதே! பெரியவர் அங்கே இறங்கி, வயல்வரப்பில் உட்கார்ந்து, சாயங்காலம்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மகன் தானாகவே வீடு வந்து சேர்ந்து, அப்பாவைக் காணோம் என்று தேடியிருக்கிறான். மறுநாள் பெரியவர் கடைக்கு வந்து, "அந்த ஊர்ல பிளேன் இறங்குறதுக்கு எடமே இல்லையே தாயி, எல்லாம் நெல்லு நட்டிருக்கானுவ" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு டிக்கெட் உறையிலும் 'தூத்துக்குடி ரோட்டு வாகைக்குளம்' என்று தன் கையாலேயே எழுதினார்.

ஏன் இத்தனை கறார் என்று கேட்டால் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் டிக்கெட் வாங்க வருகிறவர்களைப் பற்றியது அல்ல. டிக்கெட் வாங்காமல் வெறும் நேரம் கேட்க வருகிறவர்களைப் பற்றியது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்போதே பம்பாய், ஹைதராபாத், டெல்லி என்று போய்விட்டார்கள். ஊரில் அப்பனோ ஆத்தாளோ கண்ணை மூடினால் முதல் கேள்வி, மகன் எப்போது வருவான்? இரண்டாவது கேள்வி, எத்தனை மணிக்கு எடுக்கலாம்? இப்போது மாதிரி குளிர்பெட்டி அன்றைக்கு எங்கள் கிராமங்களுக்கு வராது. கோவில்பட்டியிலிருந்து ஐஸ் பார் வாங்கிப்போய் அடியில் வைப்பார்கள், கரிசல் வெயிலில் அது எத்தனை நேரம் தாங்கும்? அதனால் துட்டி வீட்டிலிருந்து, சாவு விழுந்த வீட்டைத்தான் சொல்கிறேன், ஒரு ஆள் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ அக்கா கடைக்கு வருவான். மகன் எந்த ஊரில் இருக்கிறான், எப்போது சேதி போனது என்று சொல்வான். அக்கா மெட்ராஸுக்கும் மதுரைக்கும் போன் போட்டு, காகிதத்தில் கூட்டி, ஒரு நேரம் எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டுக் காகிதம் ஊருக்குப் போனதும் பெரியவர்கள் அதன்படி எடுப்பு நேரம் வைப்பார்கள். பறை அடிக்கிறவர்களுக்கும், பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகிறவர்களுக்கும் அதுதான் நேரம். அவர் எழுதிக் கொடுத்து, பிள்ளை வருவதற்கு முன்னால் பிணம் வாசலைத் தாண்டியது என்று ஒரு வீடு கிடையாது. இதை நான் சத்தியமாகச் சொல்வேன். இதற்கு அவர் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை.

எங்கள் அப்பா ஒரு வைகாசி மாதம் விடியற்காலையில் போனார். பசுவந்தனைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஒரு வாரமாக நான் அங்கேதான் இருந்தேன். என் ஒரே தங்கை ஹைதராபாத்தில். அப்பாவுக்கு அவள் என்றால் உயிர். கடைசி இரண்டு நாள் பேச்சு குழறிய பிறகும் அவள் பெயர் மட்டும் தெளிவாக வந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி வந்து, கடைக்கு மேலேயே குடியிருந்த அக்காவை எழுப்பினேன். அவர் தங்கையின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார், மதுரை ஏஜெண்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார், வாகைக்குளத்துக்குக் கார் சொன்னார். காலை விமானத்தில் மெட்ராஸ், அங்கிருந்து மதியம் ஒரு மணி விமானத்தில் தூத்துக்குடி. காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: மூணு அம்பத்தஞ்சு, உங்க வாசப்படியில.

ஊருக்குத் திரும்பினேன். பெரியப்பாவிடம் காகிதத்தை நீட்டினேன். அப்பாவுக்கு அண்ணன், குடும்பத்தில் மூத்தவர், அவர் சொல்வதுதான் நடக்கும்.

"நாலு மணியா? ஏலே, ரெண்டு மணிக்கு எடுக்கணும்னு நான் சுத்துப்பட்டிக்கெல்லாம் சேதி விட்டிருக்கேன்."

"தங்கச்சி வரணும்லா பெரியப்பா."

"கொள்ளி வைக்க நீ இருக்கே. பொம்பளப்பிள்ளை வாரதுக்காக யாராவது போட்டு வைப்பானா? இந்த வெயிலு எம் தம்பி ஒடம்பை என்ன பண்ணும்னு ஒனக்குத் தெரியுமா?"

பெரியப்பா கெட்டவர் இல்லை. தம்பியின் உடம்பு கெட்டுப்போகக்கூடாது என்பதுதான் அவர் கவலை. அதற்கு நான் பதில் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு முன்கோபம் என்று பெயர். கடையில் நாலணாச் சில்லறைக்குச் சண்டை போடுகிறவன் நான். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அழுதுகொண்டு நின்றேன். கடைசியில் பெரியப்பாவே மனமிரங்கி, "சரி, பிளேன்காரம்மா எழுதிக் குடுத்துட்டா. நாலுன்னா நாலு" என்றார். மகளுக்காகக் காத்திருக்கவில்லை, அக்காவின் எழுத்துக்காகக் காத்திருந்தார்கள். அதுதான் உண்மை.

இரண்டரை மணிக்கு அக்காவே வந்து நின்றார். கடை திறந்திருக்கிற நாளில் அவர் எங்கும் போனதை நான் பார்த்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறார், செருப்பெல்லாம் புழுதி.

"என்னக்கா நீங்க?"

"துட்டிக்கு வந்தேன் தம்பி."

உள்ளே போய் அப்பா காலடியில் மாலை வைத்துவிட்டு, நேராகப் பெரியப்பாவிடம் வந்தார்.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல பிளேன் கொஞ்சம் தாமசம். எத்தனை மணி வரைக்கும் வச்சிருக்கலாம்?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அஞ்சு. அதுக்கு மேல ஒரு நிமிசம் கிடையாது. ஐஸு எல்லாம் தண்ணியா ஓடுது, பாக்கியல்லா? அஞ்சைத் தாண்டும்னா இப்பவே சொல்லிரு தாயி, நீர்மாலைக்கு ஆளை அனுப்பிருதேன்."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாலே முக்கால்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பெண்களோடு போய் உட்காரவில்லை. வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடித்த மாதிரி தெரியவில்லை.

நாலே முக்கால் ஆனது. ரோட்டில் ஒன்றும் இல்லை. நாலு ஐம்பது. ஐந்து. பெரியப்பா எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

"போதும். தூக்குங்கலே."

அக்கா வேகமாக நடந்து வந்து அவர் முன்னால் நின்றார். "அண்ணாச்சி, தப்பு எம்மேல. நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். ஓட்டப்பிடாரம் ரோட்டுக்கு அரை மணி கூடப் போடணும், மறந்துட்டேன். பிள்ளை வந்துக்கிட்டே இருக்கு. நான் செஞ்ச தப்புக்கு அது ஏன் மொகம் பாக்காமப் போகணும்?"

"ஊரெல்லாம் ஒன் எழுத்தை வேதவாக்கா எடுத்துக்கிடுதானுவ. மறந்துட்டேன்னு சொல்லுத?"

"ஆமா அண்ணாச்சி. மறந்துட்டேன்."

அப்போது நான் செய்த காரியத்தை எழுதக் கூசுகிறது. காலையிலிருந்து பெரியப்பா முன்னால் வராத கோபம் எனக்கு அக்கா முன்னால் வந்தது. "ஊருக்கெல்லாம் சரியாச் சொல்லுவீங்க, எங்க வீட்டுக்குத்தான் தப்பாச் சொல்லணுமாக்கா?" என்று கத்தினேன். அத்தனை பேருக்கு நடுவில். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆமா தம்பி, தப்புதான்" என்றார். 'தான்' சொல்லக்கூடாது என்று ஊரைத் திருத்திய மனுஷி.

கூட்டத்தில் ஒருவர் இருவர் முணுமுணுத்தார்கள். ஆனால் கிளம்பிவிட்ட பிள்ளை, கார் பக்கத்தில் எங்கோ வருகிறது, இவ்வளவு நேரம் இருந்தாயிற்று. பெரியப்பா திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார். "அரை மணி. அதுக்கப்புறம் நீயே வந்து மறிச்சாலும் நிக்கமாட்டேன்" என்றார்.

ஐந்து இருபத்தைந்துக்குக் கார் வந்தது. நான் மணி பார்த்தேன். அன்றைக்கு நாள் முழுக்க மணிதானே பார்த்துக்கொண்டிருந்தேன்! தங்கை கார் நிற்பதற்குள் குதித்து ஓடிவந்து அப்பா நெஞ்சில் விழுந்தாள். அவள் அழுகையைப் பார்த்துப் பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் கையால் வாய்க்கரிசி போட்ட பிறகுதான் எங்கள் அப்பா வீட்டைவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. அக்கா எப்போது பஸ் ஏறிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் தங்கை கேட்டாள். "அந்த அக்காவுக்கு நன்றி சொன்னியாண்ணே?"

"எதுக்கு? கணக்கைக் கோட்டை விட்டதுக்கா? நாலே முக்கால்னு சொன்னாவ, நீ அஞ்சு இருபத்தஞ்சுக்கு வாரே."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நான் பன்னெண்டு மணிக்கே மெட்ராஸ் ஏர்போர்ட்டுல இருந்து அவியளுக்குப் போன் போட்டேனே. பிளேன் ரெண்டரைக்குத்தான் கிளம்பும்னு சொன்னேன். போன்லயே கணக்குப் போட்டு, அஞ்சு இருபத்தஞ்சுக்கு வாசப்படியில இருப்பே தாயி, அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாவ."

அஞ்சு இருபத்தஞ்சு! கரிசல்காட்டு ரோட்டில், தாமதமான விமானத்துக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல் சொல்லியிருக்கிறார். சொன்ன அந்த நேரத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, மறந்துவிட்டேன் என்று பெரியப்பாவிடம் பேச்சு வாங்கினார், என்னிடமும் வாங்கினார். ஐந்து இருபத்தைந்து என்று உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டரை மணிக்கே தூக்கியிருப்பார்கள்.

காரியம் முடிந்து கடை திறந்த அன்றைக்கு அவர் முன்னால் போய் நின்றேன். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

"அக்கா, தங்கச்சி சொல்லிட்டா."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "யார்ட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லாம? ஊர்ல என்ன பேசுதான்னு தெரியுமா? பிளேன்காரம்மா கணக்கும் தப்புதுன்னு டீக்கடையில சிரிக்கானுவ. பெரியப்பாகிட்ட நாளைக்கே போய்ச் சொல்லப்போறேன்."

"உக்காருங்க தம்பி" என்றார். உட்கார்ந்தேன். "தப்பாப் போட்டேன்னா ஒரு கணக்கு தப்பு. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா இதுவரைக்கும் எழுதிக் குடுத்த அத்தனையும் பொய்யாப் போயிரும். நாளைக்கு இன்னொரு வீட்டுல நான் நெசத்தை எழுதிக் குடுப்பேன், இவ இழுத்தடிக்கான்னு தூக்கிருவாவ. அங்கனயும் ஒரு பிள்ளை கார்ல வந்துக்கிட்டு இருக்கும்லா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷமும் மூடியிருந்தேன். இப்போது பிள்ளைகள் விமானப் படிக்கட்டிலிருந்தே செல்போனில் பேசுகிறார்கள், கடையும் இல்லை, நேரம் எழுதிய காகிதம் வாங்க யாரும் வருவதில்லை. அதனால் சொல்கிறேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன். அந்த அம்மாவின் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அன்றைக்கு நான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதே ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருடைய அத்தை இறந்துபோய், மகன் டெல்லியிலிருந்து வரவேண்டும். அக்கா போன் போட்டார், கூட்டினார், அடியில் கோடு போட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு பத்து. அந்த ஆள் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். நகர்ந்தவர் திரும்பி நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அன்னைக்குப் பசுவந்தனைப் பக்கம் ஒரு துட்டியில ஏதோ பெசகிப்போச்சாமே. எதுக்கும் அரை மணி கூடச் சேத்துச் சொல்லிக்கிடட்டா?"

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். எழுந்துவிட்டேன். மேஜைக்குக் கீழே அக்கா என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

"சேத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.